இழுப்பான்

பிராகோவின் வாய்க்குச் சங்கம் போட்ட விலை ஒரு கடா, ஒரு புட்டி ஷ்னாப்ஸ் சாராயம், ஒரு பெட்டி மால்ட் பானம். முழு வாய்க்கும் அல்ல, அதிலிருந்து விழுந்த ஒரே ஒரு வாக்கியத்துக்கு. குமாசியின் மேகசின் என்கிற வண்டி உதிரிபாகச் சந்தையில் துருப்பிடித்த கியர்பாக்ஸுக்குக்கூட மூன்று நாள் பேரம் நடக்கும். பிராகோவின் சொல்லுக்கு மட்டும், சங்கத் தலைவர் மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தை மடித்துத் தூரப் போடுவதற்குள் விலை வைத்தாகிவிட்டது.

அந்த அபராதத்தைக் கட்டாவிட்டால் சனிக்கிழமையோடு அவள் மேசை சந்தை விட்டுப் போக வேண்டும். மேசை என்றால் வெறும் பலகையா. பெட்ரோல் பம்பு, ஃபில்டர், ஹோஸ், கிளிப் எல்லாம் அடுக்கி, மேலே குடை கட்டி, இத்தனை வருஷமாக அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்ட இடம். மேகசினில் இன்னொரு சந்தில் இன்னொரு மேசை போட இடம் கிடைப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

விலை போன வாக்கியம் இதுதான்: “இந்தப் பம்பை இங்க மாட்டினவருக்கு மேல எது, கீழ எதுன்னு தெரியல.”

மாட்டியவர் மேஸ்திரி அபன்குவா. சந்தில் இருக்கும் மெக்கானிக்குகளில் பாதிப் பேர் அவரிடம் ஸ்பேனர் பிடித்தவர்கள், மீதிப் பேர் அந்தப் பாதியிடம் பிடித்தவர்கள். மாட்டிய வண்டி டாச்சியின் ட்ரோட்ரோ. மாம்பொங் வழியில் ஆள் ஏற்றும் கிழட்டு வேன். முதுகில் பெரிய எழுத்தில் ‘இன்னும்’ என்று எழுதியிருக்கும். ஓடும்போது அதைப் படித்தால் வீரம், வழியில் நிற்கும்போது படித்தால் வேறு மாதிரி.

டாச்சியின் பழைய கார்புரேட்டர் எஞ்சின் மண்டையைப் போட்டதும், ஐரோப்பாக்காரன் ஓட்டிச் சலித்துக் கப்பலில் ஏற்றிவிட்ட இஞ்ஜெக்ஷன் எஞ்சின் ஒன்றை வாங்கி மேஸ்திரியிடம் கொடுத்தான். அவர் அதை இறக்கி உட்காரவைத்த அழகைப் பார்க்க மூன்று சந்து தள்ளியிருந்து ஆள் வந்தது. ஒரே ஒரு குறை. இஞ்ஜெக்ஷன் எஞ்சினுக்குப் பெட்ரோல் அழுத்தத்தோடு வர வேண்டும், அந்தப் பம்பு தொட்டிக்குள் இருக்க வேண்டும். டாச்சியின் தொட்டி கார்புரேட்டர் காலத்துத் தொட்டி. அதற்குள் பெட்ரோலையும் துருவையும் தவிர ஒன்றும் இல்லை. அதனால் பிராகோவிடம் வெளிப்பம்பு ஒன்று வாங்கினார்.

எங்கள் சந்தில் பெட்ரோல் பம்புக்குப் பெயர் இழுப்பான். பழைய பம்பு எஞ்சினின் விலாவில் ஒட்டிக்கொண்டு, பின்னால் கிடக்கும் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. அதனால் அந்தப் பெயர். எஞ்சின் மாறியது, பம்பு மாறியது, பெயர் மாறவில்லை. பெயரை நம்பித்தான் மேஸ்திரி புதுப் பம்பையும் எஞ்சின் பக்கத்திலேயே, பழையது இருந்த உயரத்திலேயே மாட்டினார். இழுக்கிறவன் முன்னால்தானே நிற்க வேண்டும்.

ஆனால் இந்தப் பம்புக்கு இழுக்க வராது, தள்ளத்தான் வரும். பெட்ரோல் தானாக வழிந்து வந்து அதன் வாயில் விழ வேண்டும். விழுந்தால், எவ்வளவு தூரமானாலும் மூர்க்கமாகத் தள்ளிவிடும். உள்ளே ஓடும் பெட்ரோல்தான் அதன் உடம்புக்குக் குளிர்ச்சி. அது வராமல் காற்றை மென்றால் அலறும், சுடும், கருகும்.

பிராகோவுக்கு இதை யாரும் பாடம் எடுக்கவில்லை. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் எறியும் ஒவ்வொரு செத்த பம்பையும் அவள் ரம்பத்தால் அறுத்துப் பார்ப்பாள். சரக்கு கெட்டதா, மாட்டியவன் கெடுத்தானா என்று தெரியாமல் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற வம்சம் இல்லை அவளுடையது. அவள் அம்மா கெஜெட்டியா சந்தையில் துணி விற்றவள். சாயம் போய்விட்டது என்று துணியைத் தூக்கிக்கொண்டு வருகிறவளின் கையை முகர்ந்து எந்தச் சோப்பு என்று சொல்லிவிடுவாள்.

டாச்சியின் முதல் பம்பு செத்து வந்தது. அறுத்தாள். உள்ளே கரி. இரண்டாவதும் செத்து வந்தது, அதுவும் கரி. இதற்குள் மேஸ்திரி, பிராகோ விற்பது கப்பலில் கூட்டி அள்ளிய குப்பை என்று சந்து முழுக்கச் சொல்லியிருந்தார். அவள் நேரே போய் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு, எல்லாரும் கையில் சோற்றோடு உட்கார்ந்திருந்த வேளையில், அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

விசாரணை சங்கத்தின் தகரக் கொட்டகையில் நடந்தது. தலைவர் ப்ரேகோ டயர் வியாபாரி. எந்தச் சண்டையையும் பஞ்சர் போலப் பார்க்கிறவர். ஒட்டுப் போட்டு அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

“பிராகோ, கேளும்மா. மேஸ்திரி உனக்கு அப்பா ஸ்தானம்” என்று ஆரம்பித்தார்.

“அப்பா ஸ்தானம்தான் தலைவரே. எங்கப்பாவும் ஒரு தடவை எங்களை ஏத்திக்கிட்டுப் போய்ப் பள்ளத்துல கவுத்தாரு. அதுக்காக மரியாதை குறைஞ்சு போகல.”

பின்வரிசையில் சிரிப்பு. மேஸ்திரி சிரிக்கவில்லை.

“எனக்கு மேல கீழ தெரியாதாம். இவ பொறக்கறதுக்கு முந்தி நான் இறக்கின எஞ்சினை அடுக்கினா மாம்பொங் மலை உசரம் வரும்.”

“அடுக்கறப்ப எதை மேல வைப்பீங்க மேஸ்திரி?”

இந்த முறை முன்வரிசையும் சிரித்தது. தலைவர் மேசையைத் தட்டினார். பிறகு தான் அறிந்த ஒரே வழியில் இறங்கினார். விலையைக் குறைத்தார்.

“சரிம்மா. கடா வேண்டாம். புட்டியும் மால்ட்டும் போதும்.”

பிராகோ கொட்டகை வாசல் வழியே தன் மேசைக் குடையைப் பார்த்தபடி நின்றாள்.

“மால்ட்டையும் விடு. புட்டி மட்டும். நாமளே உக்காந்து குடிச்சிட்டு எந்திரிச்சிடலாம்.”

“எனக்குப் பழக்கமில்ல தலைவரே.”

“சின்னப் புட்டி.”

அவள் தலையை இடவலமாக ஆட்டினாள்.

“புட்டியே வேண்டாம். செருப்பைக் கழட்டிட்டு, ‘என் மேல தப்பு, மன்னிச்சிடுங்க மேஸ்திரி’ன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது. மேசையும் உன்னுது, சந்தும் உன்னுது.”

கடாவில் தொடங்கிய விலை செருப்பு வரை வந்துவிட்டது. வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் பிராகோ இந்நேரம் மடியைத் தடவியிருப்பாள். ஆனால் விலை இவ்வளவு வேகமாக இறங்கினால் எதிராளிக்கு அந்தப் பொருள் எப்படியாவது கைமாறியாக வேண்டும் என்று அர்த்தம். அதை அவள் பால் குடிக்கும் வயதிலேயே கெஜெட்டியாவில் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குக் கடாவும் வேண்டாம், சாராயமும் வேண்டாம். ‘என் மேல தப்பு’ என்கிற மூன்று சொல்தான் வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கு மேசை இருக்கும், மேசைமேல் இருக்கும் சரக்கு குப்பை என்றாகிவிடும்.

“தலைவரே, சும்மா குடுத்தாலும் வேண்டாம்” என்றாள். “தப்புன்னா நானே சொல்லியிருப்பேன். தப்பில்லாததுக்குக் குடுக்க எங்கிட்ட சில்லறை இல்ல.”

செருப்பு காலிலேயே இருந்தது.

“என் மேசையிலேர்ந்து இன்னொரு பம்பு எடுக்கறேன்” என்று அவளே தொடர்ந்தாள். “அதே பெட்டி, அதே சரக்கு. நான் சொல்ற இடத்துல நானே மாட்டறேன். சனிக்கிழமை மத்தியானம், வெயில் உச்சியில இருக்கறப்ப, டாச்சி வண்டி நிறைய ஆளை ஏத்திக்கிட்டு மாம்பொங் மலை ஏறட்டும். பம்பு செத்துதுன்னா கடாவும் தரேன், புட்டியும் தரேன், மேசையையும் எடுத்துக்கறேன்.”

“என் வண்டி என்னக்கா, பந்தயக் குதிரையா?” என்றான் டாச்சி.

“இப்ப அது சிலை. குதிரைன்னா பதவி உயர்வுதானே.”

மேஸ்திரி எழுந்து நின்றார். “பம்பு சாகலைன்னா? உனக்கு என்ன வேணும், என் கடாவா?”

“கடா வேண்டாம் மேஸ்திரி. அன்னிலேர்ந்து நீங்க அதை இழுப்பான்னு சொல்லக்கூடாது. தள்ளுவான்னு சொல்லணும். நீங்களும், உங்க ஆளுங்களும்.”

கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. மேஸ்திரியும் இப்போதுதான் சிரித்தார். “வார்த்தைதானே. எடுத்துக்க போ” என்றார். காசு செலவில்லாத பொருளைப் பந்தயமாகக் கேட்கிறாளே பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார். அன்று கொட்டகையில் பேசிய விலைகளிலேயே பெரியது அதுதான் என்பது கேட்டவளுக்குத் தெரியும், கொடுத்தவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பிராகோ அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு வண்டிக்கடியில் படுத்தாள். வேலை இல்லாதவர்கள் எல்லாரும் வந்தார்கள், இருந்தவர்களும் வந்தார்கள்.

“அக்கா, அங்கேயே குடித்தனம் வெச்சிடாதே.”

“உன் வீட்டை விட இங்க காத்து நல்லா வருதுடா.”

வண்டியின் இடப்பக்கம் சைலன்சர் குழாய் போகிறது, அந்தச் சூடு ஆகாது. அதனால் வலப்பக்கத்துச் சேசிஸ் கம்பியில், தொட்டியை ஒட்டி, தொட்டியின் அடிமட்டத்தைவிட ஒரு பிடி கீழே இடம் பார்த்தாள். அதற்கும் கீழே இறக்கவில்லை. சேசிஸுக்குக் கீழே தொங்கினால் முதல் கல்லே பம்பைக் கொண்டுபோய்விடும். பழைய டியூபில் இரண்டு துண்டு வெட்டி, பம்பைப் பிடிக்கும் இரும்புப் பட்டைக்கும் பம்புக்கும் நடுவில் கொடுத்தாள், அதிர்வும் சத்தமும் வண்டிக்குள் ஏறாமல் இருக்க. பம்புக்கு முன்னால் பெரிய கண் உள்ள ஃபில்டர், துருவைப் பிடிக்க. பின்னால் நுண்ணிய ஃபில்டர், எஞ்சினைக் காக்க. அழுத்தம் தாங்கும் தடித்த ஹோஸ், விளிம்பு மழுங்கிய கிளிப். எர்த் வயரை மாட்டுமுன் பெயின்டைச் சுரண்டி இரும்பை வெள்ளையாக்கினாள். மிஞ்சும் பெட்ரோல் தொட்டிக்குத் திரும்ப, மேலே இருந்த பழைய குழாயையே விட்டுவிட்டாள்.

பெட்ரோல் இறங்கி வர ஒரு வாசல் வேண்டுமே. தொட்டியின் அடியில், முன்மூலையில், வடிகால் திருகு ஒன்று இருந்தது. அதைக் கழற்றி அந்த ஓட்டையிலிருந்தே குழாய் எடுத்தாள். பெட்ரோல் தானாக வழிந்து பம்பின் வாயில் விழுந்தது. சாவியைத் திருப்பினதும் பம்பு பூனை மாதிரி முனகியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மேஸ்திரி தன் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை. “பூனை மலை ஏறட்டும், பாக்கலாம்” என்றார்.

சனிக்கிழமை வெயில், தகரத்தில் முட்டை பொரிக்கலாம். முன்சீட்டில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு மேஸ்திரி. அவர் பக்கத்தில் தலைவர். பின்னால் மாம்பொங் சந்தைக்குப் போகிற கூட்டம். கருவாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அஃப்ரியே என்கிற மீன்காரி இரண்டு ஆள் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிராகோ கடைசி சீட்டில், சரியாகத் தொட்டிக்கு மேலே, காதைக் கீழே கொடுத்தபடி உட்கார்ந்தாள்.

ண்டொன்சோ ஊர் தாண்டியது, ஜமாசி ஊர் தாண்டியது. பம்பு முனகிக்கொண்டே வந்தது. மேஸ்திரி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், இரண்டு முறையும் அவள் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

மலை தொடங்கியது. முதல் வளைவு ஏறினார்கள். இரண்டாவது வளைவில், சாலை வானத்தைப் பார்த்து நிமிர்கிற இடத்தில், முனகல் அலறலானது. வண்டி இருமியது, திரும்பவும் இருமியது, நின்றது. யாரோ குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள்.

“கேட்டியா தலைவரே?” என்றார் மேஸ்திரி. “பூனை செத்துப்போச்சு.”

அத்தனை பம்பு அறுத்த பிராகோவுக்கு அந்த அலறல் எதன் அலறல் என்று தெரியும். காற்றை மெல்லுகிறது. தொட்டிக்குக் கீழே, தொட்டியை ஒட்டி இருக்கும் பம்புக்குக் காற்று எங்கிருந்து வந்தது?

“டாச்சி, எவ்வளவு பெட்ரோல் போட்ட?”

“போதுமான அளவு போட்டேன்கா.”

“போதுமானதுன்னா?”

“மாம்பொங் போய்ச் சேரப் போதுமான அளவு. திரும்பி வர்றதுக்கு மாம்பொங்ல போடுவேன். இவங்க குடுக்கற காசுலதானே போடணும்.”

ட்ரோட்ரோ ஓட்டுகிறவன் தொட்டியை நிரப்பினால் அது அவன் கல்யாண நாளாக இருக்கும். அதுகூடத் தெரியாதவளா பிராகோ? தெரியும். வண்டிக்கடியில் படுத்திருந்தபோது நினைவுக்கு வரவில்லை. கார்புரேட்டருக்கு ஒரு சின்னக் கிண்ணம் உண்டு, இரண்டு மிடறு காற்று வந்தாலும் சமாளித்துக்கொள்ளும். இஞ்ஜெக்ஷனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தொட்டியின் அடியில் கொஞ்சூண்டு பெட்ரோல். வண்டி மூக்கைத் தூக்கியதும் அது பூராவும் தொட்டியின் பின்பக்கம் போய்விட்டது. அவள் வாசல் வைத்ததோ முன்மூலையில்.

“தொட்டி ஓட்டையை முன்னாடி எடுத்தது என் வேலை” என்று சத்தமாகச் சொன்னாள். “அது தப்பு. வேற யாரும் சொல்றதுக்கு முந்தி நானே சொல்லிடறேன்.”

தலைவர் முகம் மலர்ந்தது. “அப்ப ஒத்துக்கற.”

“இந்தத் தப்பை ஒத்துக்கறேன் தலைவரே. அந்தத் தப்பை ஒத்துக்கல. ரெண்டும் வேற வேற சரக்கு. ஒரே பையில போடாதீங்க.” பிறகு முன்சீட்டைப் பார்த்துக் கத்தினாள். “டாச்சி, வண்டியைத் திருப்பு.”

“திரும்பிப் போறோமாக்கா?”

“மேலதான் போறோம். ரிவர்ஸ்ல.”

டாச்சி ஸ்டீரிங்கை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“ரிவர்ஸ்லயா? மாம்பொங் மலையை?”

“வண்டியோட மூக்கு கீழ பாத்தா பெட்ரோல் முன்னாடி வரும். முன்னாடிதான் ஓட்டை இருக்கு. ஏறு.”

கட்டையை எடுத்துவிட்டு வண்டியை மெல்லப் பின்னால் உருளவிட்டு, சாலைக்குக் குறுக்கே திருப்பினான். குறுக்கே நின்ற அந்த நொடியே அலறல் அடங்கி முனகல் திரும்பியது, எஞ்சினும் பிடித்துக்கொண்டது. பிராகோ அதைக் கேட்டாள். முன்சீட்டில் மேஸ்திரியும் கேட்டார் என்பது அவர் பின்கழுத்திலேயே தெரிந்தது.

தலைவர் இறங்கி, சிவப்புக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். முன்னால் என்றால் பின்னால். மேலிருந்து இறங்கி வந்த லாரிக்காரர்கள் எல்லாரும் நிறுத்தி, என்ன சாவு ஊர்வலமா என்று கேட்டார்கள். டாச்சி கழுத்தைத் திருகிக்கொண்டு ஓட்டினான். ஆண்கள் பாதிப் பேர் இறங்கி நடந்தார்கள். அஃப்ரியே இறங்கவில்லை. “நான் உக்கார்ற காசு குடுத்திருக்கேன். நடக்கற காசு குடுக்கல” என்றாள். நல்ல சட்டையோடு முன்சீட்டில் இருந்த மேஸ்திரி அபன்குவா, சிறுத்துக்கொண்டே போகும் குமாசிப் பக்கத்தைப் பார்த்தபடி மலை ஏறினார். எஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை.

உச்சியில் நிறுத்தியதும் சண்டை தொடங்கியது.

“பின்பக்கமா ஏறினது ஏறினதா?” என்றார் மேஸ்திரி.

“எந்தப் பக்கமா ஏறணும்னு பந்தயத்துல யாரும் சொல்லல. மலை மேல நிக்கறோமா இல்லையா?”

“பாதி வழியில நின்னுதா இல்லையா?”

“பட்டினியில நின்னுது. சாகல.” பிராகோ செருப்புக் காலை வண்டிப் பக்கம் நீட்டிக் காட்டினாள். “மேஸ்திரி, குனிஞ்சு கையை வெச்சுப் பாருங்க. பழைய ரெண்டையும் கழட்டறப்ப உங்க கை பொத்துப்போச்சே, ஞாபகம் இருக்கா? இதைத் தொடுங்க.”

மேஸ்திரி நல்ல சட்டையோடு ரோட்டில் முட்டிபோட்டு, கையைச் சேசிஸுக்கடியில் விட்டார். ஒரு மலையே ஏறிய பம்பு, சுடவில்லை. கையை எடுக்கவில்லை. தொட்டுப் பார்க்க அவ்வளவு நேரம் தேவையில்லை, ஆனாலும் எடுக்கவில்லை. விரல்கள் பம்பின் மட்டத்தையும் தொட்டியின் மட்டத்தையும் மாறி மாறித் தடவின. மேலே எது, கீழே எது என்று கை தானாகவே அளந்துகொண்டிருந்தது.

எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். தலைவர் அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு பிராகோவைப் பார்த்தார்.

“மேசை அங்கேயே இருக்கட்டும்” என்றார்.

“எங்க காசு?” என்றாள் அஃப்ரியே. “பாதி மலை பின்னோக்கிப் போனோம். முன்னோக்கிப் போறதுக்குத்தான் காசு குடுத்தேன். அந்தத் தூரத்துக் காசைத் திருப்பிக் குடு.”

டாச்சி அவளிடம் மாம்பொங் சந்தை வரைக்கும் வாதாடினான்.

இது நடந்து மழைக்காலம் ஒன்று போய்விட்டது. பிராகோ தொட்டியை இறக்கி, அடியில் பெட்ரோல் தேங்குகிற மாதிரி ஒரு குழிக் கிண்ணம் பற்றவைத்து, அதிலிருந்து குழாய் எடுத்துக் கொடுத்தாள், தன் செலவில். மேஸ்திரி அதற்கப்புறம் நான்கைந்து வண்டிக்கு இஞ்ஜெக்ஷன் மாற்றினார். எல்லாவற்றிலும் பம்பு பின்னால், தொட்டியை ஒட்டி, கீழே. யாராவது கேட்டால், முன்னால் இடமில்லை என்கிறார். அவருடைய ஆட்கள் வந்து “அக்கா, ஒரு இழுப்பான்” என்றால், அப்படி ஒரு சரக்கே தன்னிடம் கிடையாது என்று பிராகோ குடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் தலையைச் சொறிந்து, சிரித்து, கடைசியில் தள்ளுவான் என்று சொல்லி வாங்கிப் போகிறார்கள்.

மேஸ்திரி தானே வரும்போது மேசைமுன் நின்று விரலை நீட்டுகிறார். “அதுல ஒண்ணு” என்கிறார். அவள் காத்திருக்கிறாள். அவரும் காத்திருக்கிறார். பிறகு அவள் எடுத்துக் கொடுக்கிறாள்.

ஆக, கணக்கு இப்படி நிற்கிறது. மலை, பிராகோவின் வரவு. தொட்டி ஓட்டை, அவள் செலவு, தீர்த்தாகிவிட்டது. மீன்காரியின் பின்னோக்கிப் போன தூரம், டாச்சி தலையில், வசூலாகவில்லை. மேஸ்திரி தர ஒப்புக்கொண்ட சொல்லில், இழுப்பான் என்பதை விட்டுவிட்டார், அது பாதி. தள்ளுவான் என்பதை இதுவரை சொல்லவில்லை, அது மீதிப் பாதி, பாக்கி.